எனக்கு எட்டல

மார்ச் 4

மானிட்டர் ஸ்பீக்கர் சரியில்லை. அதை முதலில் எழுதி வைக்கிறேன். தில்லைநகரில் கல்யாண வரவேற்பு. நம் குரல் நம் காதிலேயே விழவில்லை என்றால் எந்த மகாராணியாக இருந்தாலும் மேலே போகும்போது பிசிறத்தான் செய்யும். என் பாட்டில் இரண்டாவது சரணம் முடிகிற இடத்தில் ஒரு ஏற்றம் இருக்கிறது. இருபத்தேழு வருஷமாக ஜனங்கள் கைதட்டக் காத்திருக்கிற இடம். அங்கே பிசிறிவிட்டது. பிசிறியது என்ன, கீறிவிட்டது. பந்திக்குப் போய்க்கொண்டிருந்தவர்களில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

வேனில் ஏறியதும் கோதண்டம் அண்ணன் ஆரம்பித்தார். எங்கள் மெல்லிசைக் குழு அவருடையது. மேடையில் அறிவிப்பு அவர், ஆண் குரலும் அவர். "அமிர்தா, அந்தப் பாட்டைக் கொஞ்ச நாளைக்கு எடுத்து வைப்போமா? புதுசா ஒரு பொண்ணு வருது, அது பாடட்டும்" என்றார். எடுத்து வைப்பதற்கு அது என்ன வெள்ளிக் குத்துவிளக்கா? ஸ்பீக்கரைப் பற்றி மட்டும் பேசினேன். பொன்மலை வரும்வரை பேசினேன்.

பொன்மலையில் டென்சில் அண்ணன் இறங்கும்போது என் கையில் ஒரு பென் டிரைவைத் திணித்தார். அவர் எங்கள் பேஸ் கித்தார். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஓய்வு பெற்றவர், ஆங்கிலோ இந்தியர், வீட்டில் தாத்தா காலத்திலிருந்து இங்கிலீஷ் பாட்டுதான். "கேட்டுப் பாரு" என்றார்.

மார்ச் 5

கேஸ் வந்தது. பென் டிரைவைத் தொடவில்லை.

மார்ச் 7

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே டிவியில் சொருகிக் கேட்டேன். பத்துப் பாட்டு. பாடுகிறவள் பெயர் ஐரிஸ் டெல்மாண்ட், அமெரிக்காக்காரி, ஜாஸ் பாடகி என்று டென்சில் அண்ணன் ஒரு சீட்டில் எழுதிச் சுற்றி வைத்திருந்தார். 'அறுபத்தெட்டு வயதில் பாடியது' என்றும் எழுதியிருந்தார். திரையில் அவள் படம் வந்தது. நரைத்த தலையைக் கத்தரித்து விட்டிருக்கிறாள், கண்ணுக்குக் கீழே பை தொங்குகிறது. பாட ஆரம்பித்தாள். நான் கீரையைக் கீழே வைத்துவிட்டேன்.

குரலா அது? அரிசி களைகிற சத்தம். ஒரு வரி முடிவதற்குள் மூச்சு வாங்குகிறது, அந்த மூச்சை மறைக்கவும் இல்லை. தாளம் முன்னால் போகிறது, இவள் பஸ்ஸை விட்டுவிட்டவள் மாதிரி சாவகாசமாகப் பின்னால் வருகிறாள். என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "அந்தம்மா பாடுதா, அழுவுதா?" என்றார். முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவர். சங்கீதத்தில் அவருக்கு விசில் மட்டும்தான் தெரியும். அவருக்கே தெரிகிறது.

அப்புறம்தான் எனக்குச் சுருக்கென்றது. நான் பிசிறின அன்றைக்குப் பார்த்து இதைக் கொடுத்திருக்கிறார். என்ன அர்த்தம்? எனக்கு ஐம்பத்துநாலுதான் ஆகிறது. உடனே போன் போட்டுக் கிழி கிழி என்று கிழித்தேன். இருபது வருஷப் பழக்கம் என்று பார்க்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த மனுஷன், "மூணாவது பாட்டைக் கேட்டியா?" என்றார். போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 8

மூன்றாவது பாட்டைக் கேட்டேன், இன்னும் நன்றாகத் திட்டுவதற்காக.

ஆரம்பத்தில் அவள் பியானோக்காரரிடம் ஏதோ பேசுகிறாள். பேச்சையும் சேர்த்துப் பதிவு பண்ணிவிட்டார்கள், வெட்டத் தெரியாத ஆட்கள் போலிருக்கிறது. பிறகு பாட்டு. மெட்டு மேலே மேலே போகிறது, பாட்டுத் தெரிந்த யாருக்கும் அடுத்து உச்சிக்குப் போகப் போகிறாள் என்று தெரியும். போகவில்லை. கீழே இறங்கிவிட்டாள். பேசுகிற குரலில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறாள். பியானோதான் மேலே போய்விட்டு வருகிறது.

திருட்டு வேலை. நாங்கள் மேடையில் இப்படிச் செய்தால் சோடா பாட்டில் பறக்கும். சரியாகத்தான் கேட்டேனா என்று நாலு தரம் போட்டுப் பார்த்தேன். திருட்டுதான்.

மார்ச் 12

உறையூரில் கோதண்டம் அண்ணன் வீட்டு மாடியில் ஒத்திகை. புதுப் பெண் வந்திருந்தாள். நிவேதிதா, இருபத்திரண்டு வயது, ஸ்ரீரங்கம். என்னைப் பார்த்ததும் "வணக்கம் ஆன்ட்டி" என்றாள். கோதண்டம் அண்ணன் அவளை என் பாட்டைப் பாடச் சொன்னார். பாடினாள். அந்த ஏற்றத்தை, மாவு டப்பாவை மேல் அலமாரியில் வைக்கிற மாதிரி, கால் கட்டைவிரலைக்கூட ஊன்றாமல் வைத்துவிட்டு வந்தாள். நன்றாகப் பாடுகிறாள். பொய் எழுத மாட்டேன்.

கோதண்டம் அண்ணன் முகம் மலர்ந்துபோய், "ரெக்கார்டுல இருக்கிற மாதிரியே இருக்கு" என்றார். அவருக்கு அதுதான் வேதம். சினிமா ரெக்கார்டு எந்த ஸ்கேலோ அதே ஸ்கேல், ரெக்கார்டில் எங்கே சிணுங்கலோ அங்கே சிணுங்கல். திருவிழாவுக்கு மட்டும் இன்னொரு தடவை அமிர்தா பாடட்டும், அதற்கப்புறம் பார்ப்போம் என்று தீர்ப்பு வேறு.

மாடியில் ஒரே தூசி, எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. கிளம்பும்போது ஜோயலைத் தனியாகக் கூப்பிட்டேன். எங்கள் கீபோர்டு. கல்யாணமாகிக் கைக்குழந்தை இருக்கிறது, காலையில் சர்ச்சில் வாசிக்கிறவன். "என் பாட்டுக்கு மட்டும் ட்ரான்ஸ்போஸ்ல ரெண்டு இறக்கிடுப்பா. யாருக்கும் தெரிய வேண்டாம். தொண்டை ஆறற வரைக்கும்தான்" என்றேன். கீபோர்டில் அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. விரல் பழைய இடத்திலேயே வாசிக்கும், சத்தம் கீழே கேட்கும். பொத்தான் கணக்கு வேறு, கட்டைக் கணக்கு வேறு; இரண்டு இறக்கினால் ஐந்து கட்டைச் சுருதிப் பாட்டு நாலு கட்டையில் வந்துவிடும். "சரிக்கா" என்றான்.

மார்ச் 15

டென்சில் அண்ணனிடம் ராசியாகிவிட்டேன். எனக்கு அவள் சின்ன வயதில் பாடியது வேண்டும், அதுதான் காரணம். எங்கிருந்து எங்கே விழுந்தாள் என்று பார்க்க வேண்டாமா? முதலில் மழுப்பினார். பிறகு கொண்டுவந்து கொடுத்தார். அதே மூன்றாவது பாட்டு, இருபத்தாறு வயதில் பாடியது.

அடேயப்பா. என்ன குரல்! கண்ணாடி. உச்சியில் போய் நின்று, நின்ற இடத்திலேயே ஒரு சுழி சுழித்துவிட்டு வருகிறாள். நான் அசந்துபோனேன். ஒரு தரம் கேட்டேன். இரண்டாம் தரம் பாதியில் நிறுத்திவிட்டேன். என்னவோ, கேட்டாகிவிட்டது போலிருந்தது.

பழையபடி கிழவியைப் போட்டேன். இதில் எனக்கே எரிச்சல். கண்ணாடியை வைத்துவிட்டு அரிசி களைகிற சத்தத்துக்கா போவார்கள்?

மார்ச் 16

டென்சில் அண்ணனிடம், இந்தப் பாட்டுக்கு ஒரிஜினல் எது, சின்ன வயசுதா, வயசானதா என்று கேட்டேன். சிரித்தார். அது ஸ்டாண்டர்ட் என்றார். அப்படியென்றால் எல்லாரும் பாடுகிற பொதுப் பாட்டாம். எவளோ ஒருத்தி எந்தக் காலத்திலோ ஒரு நாடகத்தில் பாடினது, அதற்கப்புறம் நூறு பேர் பாடிவிட்டார்கள், ஆளாளுக்கு அவரவர் ஸ்கேலில், அவரவர் நடையில். முதலில் பாடினவள் மாதிரியே பாடினால் கைதட்ட மாட்டார்களா என்று கேட்டேன்.

"அவ மாதிரியே பாடுறதுக்கு நீ எதுக்கு? அவதான் பாடிட்டாளே. உன்னுது என்னன்னுதான் கேப்பாங்க" என்றார்.

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! கோதண்டம் அண்ணன் என்னை எப்படி அறிவிப்பார் தெரியுமா? "கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க, ரெக்கார்டு ஓடுதுன்னு நினைப்பீங்க. அச்சு அசல் அமிர்தா!" ஊர் ஊராக இதே வசனம். நான் பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, நின்று கால் வீங்கப் பாடுவேன், ஜனங்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். இருபத்தேழு வருஷம். ஒரு நாள்கூட எனக்கு இது உறைக்கவில்லையே. அந்த மனுஷன் மேல் எனக்குக் கோபமில்லை, பெருமையாகத் தலையைக் குனிந்து கும்பிட்டேனே, அந்த அமிர்தா மேல்தான்.

சாம்பாரில் உப்பை இரண்டு தரம் போட்டுவிட்டேன். வீட்டுக்காரர் தயிரைக் கலந்து சாப்பிட்டு முடித்தார்.

மார்ச் 23

லால்குடிப் பக்கம் மாரியம்மன் திருவிழாக் கச்சேரி நடந்தது. நன்றாகப் பாடினேன். பொன்னாடை போர்த்தினார்கள்.

ஜோயலுக்கு மறதி.

மார்ச் 24

நேற்று எழுதியது போதவில்லை.

ஏழு மணிக்கு ஆரம்பித்தோம். நாலாவதாக என் பாட்டு. ஜோயல் பொத்தானை அமுக்கினான், நாலு கட்டையில் எடுத்தேன். முதல் அடியிலேயே டென்சில் அண்ணனும் கூட இறங்கிவிட்டார், ஒரு இடத்தில்கூட இடறவில்லை. ஏற்றம் சுகமாக வந்தது. கைதட்டல் அடங்கவே இல்லை. விழாக் கமிட்டித் தலைவர் மேடையேறி மாலை, பொன்னாடை, போட்டோ, அம்மன் புகழ், என் புகழ் என்று பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டார். அந்தக் கலாட்டாவில் ஜோயல் பொத்தானைத் திரும்ப ஏற்ற மறந்துவிட்டான்.

அடுத்தது நிவேதிதா. முதல் மேடை அவளுக்கு. கீபோர்டு இரண்டு கீழே ஆரம்பிக்கிறது, டென்சில் அண்ணன் சரியான ஸ்கேலில் ஆரம்பிக்கிறார். இரண்டும் மோதி, தகரத்தை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். அந்தப் பெண் கீழே பிடித்தாள், மேலே தாவினாள், மறுபடி கீழே வந்தாள். கூட்டத்தில் ஒருத்தன் ஊளையிட்டான், அப்புறம் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். பாட்டை நிறுத்தி முதலிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. நான் பொன்னாடையோடு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் கோதண்டம் அண்ணன் ஜோயலைப் பிடித்து உலுக்கினார். யார் உன்னை ட்ரான்ஸ்போஸைத் தொடச் சொன்னது, யாருக்காகத் தொட்டாய் என்று ஊரே கேட்கக் கத்தினார். ஜோயல் தரையைப் பார்த்துக்கொண்டு, "தெரியாம கை பட்டுருச்சு சார்" என்றான். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நிவேதிதா ஜெனரேட்டர் பக்கம் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

நான் டீ குடிக்கப் போனேன்.

மார்ச் 26

தலைக்குக் குளித்தேன். ரேஷனில் பருப்பு இல்லை. பென் டிரைவை எடுத்து டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். பாட்டுக் கேட்டுக் கேட்டுத்தான் வீட்டில் ஒரு வேலை நடப்பதில்லை.

மார்ச் 29

ஜோயல் போன் பண்ணுவான், நன்றாகத் திட்டுவான் என்று எதிர்பார்க்கிறேன். பண்ணவில்லை. திட்டித் தொலைத்தால்தான் என்ன?

நான் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அமிர்தாவுக்கு ஸ்கேல் இறங்கிவிட்டது என்று திருச்சியில் இருக்கிற எல்லாக் குழுவுக்கும் மறுநாளே போயிருக்கும். குரல் போச்சு என்பார்கள். நான் யாருக்கு என்ன கெடுதல் செய்தேன்? தொண்டை ஆறுகிற வரைக்கும் என்றுதானே கேட்டேன்.

மூன்று மாதமாக ஆறுகிறது.

ஏப்ரல் 2

டென்சில் அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் காபி போட உள்ளே போனார். நான் முந்திக்கொண்டு, ஜோயல் இப்படிக் கவனமில்லாமல் இருக்கலாமா என்று ஆரம்பித்தேன்.

"அன்னைக்கு உன் பாட்டுக்கு நான் கித்தார்ல ரெண்டு ஃப்ரெட் இறங்கி வாசிச்சேன். யாரு சொல்லி இறங்கினேன்?" என்றார்.

நான் டிவி ரிமோட்டைத் தேட ஆரம்பித்தேன்.

"காதுன்னு ஒண்ணு இருக்கில்ல. இறக்கறது உனக்கு ரெண்டு, கோதண்டத்துக்கு ஒண்ணு. அவருக்கு அஞ்சு வருஷமா இறங்கித்தான் வாசிக்கறோம், ஜோயலும் நானும். அவருக்கும் அது தெரியும்."

கோதண்டம் அண்ணனுக்கா! ரெக்கார்டு ஸ்கேல், ரெக்கார்டு ஸ்கேல் என்று உயிரை வாங்குகிற அந்த மகானுக்கா! எனக்கு உடம்பெல்லாம் தீப்பற்றிக்கொண்டது. நாக்கில் வந்ததையெல்லாம் சொன்னேன். டென்சில் அண்ணன் காபி ஆறும்வரை கேட்டுவிட்டு, நீ மட்டும் என்ன செய்தாய் என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அதற்குப் பதிலாக டிவியில் மூன்றாவது பாட்டைப் போடச் சொன்னார். ஆரம்பத்தில் அவள் பியானோக்காரரிடம் பேசுகிற இடம் வந்தது. இது என்ன என்று நான் கேட்டதே இல்லை, இப்போது கேட்டேன்.

"இன்னும் கொஞ்சம் இறக்கு, எனக்கு எட்டலங்கறா" என்றார்.

"அதை ஏன் வெட்டல?"

"வெட்டக் கூடாதுன்னு அவளே சொன்னதா ரெக்கார்டு உறையில எழுதியிருக்கு."

வீட்டுக்காரர் காபி டம்ளரை எடுக்க வந்து, "இந்தம்மாவா? இப்ப பழகிருச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 3

காலையில் உறையூர் போனேன். மாடியில் ஒத்திகைக்கு எல்லாரும் இருந்தார்கள். கீபோர்டில் புது ஆள். தனியாகச் சொல்லலாம் என்றுதான் பஸ் ஏறினேன். அந்தப் புது ஆளைப் பார்த்ததும் கோபம் தலைக்கேறிவிட்டது, நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் வாய் வந்திருக்காது.

பொத்தானை இறக்கச் சொன்னது நான்தான் என்றேன். ஜோயல் எனக்காகத்தான் திட்டு வாங்கினான், நான் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு டீ குடிக்கப் போனேன் என்றேன். நிவேதிதாவைப் பார்த்து, "உன் முதல் மேடையைக் கெடுத்தது நான்தாம்மா" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பிக்கொள்ளட்டும்.

கோதண்டம் அண்ணன் பாட்டு நோட்டை மூடி வைத்தார். பிறகு ஆரம்பித்தார். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாமே, குழு மானம் போச்சே, ரெக்கார்டுக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்றார்.

"உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ரெண்டு. நடுவுல ஜோயலுக்கு வேலை போச்சு" என்றேன்.

டோலக் வாசிக்கிறவர் இருமினார். டென்சில் அண்ணன் கித்தாரில் தந்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கோதண்டம் அண்ணன் முகம் கறுத்துப்போய், ஜன்னல் பக்கம் போய் நின்றார். எனக்கு ஒரு நொடி பாவமாக இருந்தது. அவருக்கும் அறுபத்திரண்டு. அவரும் யாரிடமும் சொல்லாமல்தான் ஐந்து வருஷத்தை ஓட்டியிருக்கிறார்.

திரும்பியபோது குரல் இறங்கியிருந்தது. "இருபத்தேழு வருஷமா உன்னை அச்சு அசல்னு சொல்லி மேடையேத்தினவன் நான். இனிமே என்னன்னு சொல்லி அறிவிக்கறது?"

"என் பேரைச் சொல்லுங்க."

"பேரு மட்டுமா?"

"பேரு மட்டும் போதும். முழுப் பேரு."

படியிறங்கினேன். ஆட்டோவில் உட்கார்ந்து ஜோயலுக்குப் போன் போட்டேன். எடுத்தவுடன், "எதுக்குடா என்னைத் திட்டல நீ?" என்று கத்தினேன். பின்னால் குழந்தை அழுதது. "பாப்பா தூங்கிட்டிருந்தாக்கா" என்றான்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. மண்ணச்சநல்லூர்ப் பக்கம் கோவில் கச்சேரி. ஜோயல் குழுவுக்குத் திரும்பி வந்திருந்தான். கோதண்டம் அண்ணனும் அவனும் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நிவேதிதா என்னை 'ஆன்ட்டி' என்று கூப்பிடுவதில்லை, எப்படியும் கூப்பிடுவதில்லை.

மூன்றாவது என் பாட்டு. கோதண்டம் அண்ணன் மைக்கை எடுத்தார். பழக்க தோஷம், "கண்ணை" என்று ஆரம்பித்துவிட்டார். நிறுத்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "அடுத்து பாடுவது அமிர்தவல்லி" என்றார். யாரும் கண்ணை மூடவில்லை. அத்தனை கண்ணும் என் மேல்.

மைக் பக்கத்தில் நின்றுகொண்டே திரும்பி, "ஜோயல், மூணு இறக்குப்பா. எனக்கு எட்டல" என்றேன். ஸ்பீக்கர் எல்லாவற்றிலும் கேட்டது. முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். டென்சில் அண்ணன் குனிந்துகொண்டார், சிரித்தாரா என்று தெரியவில்லை.

மூன்று கட்டையில் எடுத்தேன். அவசரப்படவில்லை. மூச்சு வாங்கிய இடத்தில் வாங்கினேன். அந்த ஏற்றம் வந்தபோது நான் போகவில்லை, ஜோயலைப் பார்த்தேன். அவன் கீபோர்டில் மேலே போய்விட்டு வந்தான். நான் கீழே நின்று அந்த வரியைச் சொன்னேன், பாடக்கூட இல்லை. வழக்கமாகக் கைதட்டுகிற இடத்தில் ஒருத்தரும் கைதட்டவில்லை. பாட்டு முடிந்து, டென்சில் அண்ணனின் கடைசித் தந்தியும் ஓய்ந்து, அப்புறம்தான் தட்டினார்கள். பழைய கைதட்டல் இல்லை இது, பாதிதான் இருக்கும்.

பின்னாலிருந்து ஒருத்தன், "ஒரிஜினல் மாதிரி பாடும்மா!" என்று கத்தினான். எனக்கு வந்ததே கோபம்! "அது வேணும்னா வீட்ல போட்டுக் கேளுங்க. இங்க நான்தான் இருக்கேன்" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டேன். அதற்குப் பெண்கள் பக்கத்திலிருந்து பலமாகத் தட்டினார்கள். கோதண்டம் அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார். அடுத்த பாட்டு அவருடையது. மைக்கை வாங்கினார். பிறகு ஜோயல் பக்கம் திரும்பி, மைக்கை மூடாமல், "எனக்கு ஒண்ணுப்பா" என்றார்.

வீட்டுக்கு வந்து புடவையை மாற்றிவிட்டு எழுதுகிறேன். மானிட்டர் ஸ்பீக்கர் நன்றாக இருந்தது. தூசி இல்லை. தொண்டையில் ஒன்றும் இல்லை. எட்டவில்லை, அவ்வளவுதான்.